கருவாடு என்ற பெயர்

பழவேற்காடு சந்தையில் நெத்திலிக் கருவாட்டைக் குவித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீச்சத்தையும் மீறி ஜவ்வாது வாசனை வந்தது. நிமிராமலே ஆளைத் தெரிந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியர், ஜவ்வாது தடவிய கைக்குட்டையை மூக்கில் வைத்தபடிதான் என் பெஞ்சைக் கடப்பார். ஒருநாள் சொற்கள் பிறந்த கதையைப் பாடமாக நடத்தினார். "கறுத்து வாடியதால் கருவாடு. புரியாதவர்கள் இவளைப் பாருங்கள்" என்று என்னைக் காட்டினார். வகுப்பே சிரித்தது. பள்ளியை விடும்வரை அதுதான் என் பெயர்.

அன்று சாயங்காலம் லைட்ஹவுஸ் குப்பத்து வெயிலில், வலைமேல் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"அவுருக்கு இன்னா தெரியும்? வலையில காஞ்சா வெள்ளியாட்டம் மின்னும். மண்ணுல போட்டுக் கறுத்துப்போனா கோழித் தீனிக்குத்தான் போவும்" என்றாள் அம்மா.

அழுகை நின்றது. ஆத்திரம் நிற்கவில்லை.

இப்போது நரைத்த தலையோடு என் முன்னால் நின்று, மின்னுகிற நெத்திலியைக் காட்டினார். "இதுல அரைக்கிலோ போடும்மா." என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் அதன்மேல் சாக்கை இழுத்து மூடினேன். கோழிப்பண்ணைக்கு ஒதுக்கிவைத்த, மண் ஒட்டிய கருவாட்டை இரண்டு கையாலும் அள்ளி அவர் பையில் போட்டேன்.

"என்னம்மா, கறுத்துக் கிடக்கு?"

"கறுத்து வாடினாதான் கருவாடுன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க. ஆறாங்கிளாஸ்ல, என்னைக் காட்டி."

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அவர் கை கைக்குட்டையைத் தேடியது. சிரிப்பு அடங்கும்வரை நான் பேசாமல் நின்றேன். அன்று அவரும் அப்படித்தான் நின்றார்.