சேல்ஸ் டாக்ஸ் நம்பரும் நம்ம பங்காளியும்

எங்கள் பக்கத்தில் பங்காளி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒரே குலத்தில் பிறந்தவனும் பங்காளி, தொழிலில் கூட்டுச் சேர்ந்தவனும் பங்காளி. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிய முட்டாள் நான்.

எழுபதுகளின் கடைசியில் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பெரிய சம்பளம் இல்லை, ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வந்துவிடும். அப்போதுதான் எங்கள் அண்ணன் ஒருவர் நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை போடலாம் என்று பேச்சை ஆரம்பித்தார். கூடப் பிறந்தவர் அல்ல. அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் அண்ணன் தம்பி. அவருக்கு லாரிக்காரர்கள் எல்லோரையும் தெரியும், எனக்கு மெட்ராஸ் கம்பெனிகளைத் தெரியும். ஆளுக்குப் பாதி முதல் என்று பேச்சு. என் பாதிக்காக, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று இருந்த ஒரே மேட்டுக்காட்டை விற்றேன். வேலையையும் விட்டேன்.

பத்திரம் எதுவும் எழுத வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். ஒரே கோயிலில் பொங்கல் வைக்கிறவர்களுக்குள் என்ன பத்திரம் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். அந்நியனிடம் ஆடு வாங்கினால் நாலு பேரைச் சாட்சிக்கு வைப்போம், பங்காளியிடம் காட்டையே கொடுத்தாலும் வாய்ப்பேச்சுதான்.

கடைக்கு இடம் பிடித்து, அலமாரியும் அடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது சேல்ஸ் டாக்ஸ் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பர் இல்லாமல் மெட்ராஸ்காரர்கள் ஒரு போல்ட் நட்டைக்கூட அனுப்பமாட்டார்கள். விண்ணப்பத்தை அண்ணனே டைப் அடித்து வாங்கி வைத்திருந்தார். தன்னுடைய ஒரு கையெழுத்து இருந்தால் போதுமாம் என்றார். அலைச்சல் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

விசாரணைக்கு வரச்சொன்ன நாளில் இரண்டு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனோம். அதிகாரி தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், அதட்டிப் பேசாத மனிதர். கடை எங்கே, வாடகைக்கா சொந்தமா, என்ன சரக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு இவர் யார் என்றார்.

"நம்ம பங்காளிங்க" என்றார் அண்ணன்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு அரசாங்க ஆபீசில், அதிகாரி காதுபட, என்னைக் கூட்டாளி என்று சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு பூரிப்பு. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். என்னை ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணனுக்கு டீயும் போண்டாவும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தப் போண்டாவுக்கே வயிறு எரிகிறது.

நம்பர் வந்த அன்று டிரங்க் கால் போட்டு, லைன் கரகரக்க, மெட்ராஸ் கம்பெனிக்காரரிடம் அதைக் கத்திக் கத்திச் சொன்னவனும் நான்தான். சரக்கு இறங்கியது, வியாபாரமும் சூடு பிடித்தது. தினமும் காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி ஏற்றுவேன். அண்ணன் லாரிப் பட்டறைகளைச் சுற்றி ஆர்டர் பிடித்து வருவார். எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்த வருஷம், அண்ணன் திருச்செங்கோடு போயிருந்த ஒரு நாள், சேல்ஸ் டாக்ஸ் ஆபீசிலிருந்து ஒருவர் கடையைப் பார்த்துப்போக வந்தார். ஓனர் எங்கே என்றார். நானும் ஓனர்தான், இரண்டு பேர் கடை இது என்று சொல்லி, கடைப் பையனைக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நம்பர் அவர் ஒருத்தர் பேர்லதாங்க இருக்கு. அன்னைக்கு விசாரணையப்போ நானும் பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருந்தேன். நீங்க சொந்தக்காரர், தொணைக்கு வந்தவர்னுதானே அவர் சொன்னாரு?"

கலர் பாட்டில் வந்தது. அவர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு என்ன விற்றேன் என்று எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் கேட்டேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், மனசாவது ஆறியிருக்கும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி, நீ என்ற பங்காளி இல்லியா? மாமன் மச்சான்னா சொன்னேன்? பங்காளியப் பங்காளின்னுதான சொன்னேன். இதுல பொய்யி எங்க இருக்குது?"

நான் போட்ட முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், அதுவரை வழக்கம்போலக் கடைக்கு வந்தால் மாதம் சம்பளம் போட்டுத் தருவதாகவும் அவரே சொன்னார். காட்டை விற்றுப் போட்ட கடையில் எனக்குச் சம்பளம்! கூட்டாக இரண்டு பேர் பெயரில் நம்பர் வாங்கினால் பின்னால் சிக்கல் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டாராம். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

ஊரில் பெரியவர்களிடம் போய் நின்றேன். நாளைக்கு ஒரு இழவு விழுந்தால் சேர்ந்து தலைமுழுக வேண்டியவர்கள், கோர்ட்டு கேசு என்று போகாதே என்றார்கள். பங்காளி என்ற சொல்லை வைத்துத்தான் அண்ணன் என்னை வெளியே தள்ளினார். அதே சொல்லை வைத்துத்தான் என் வாயையும் கட்டினார்கள்.

ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்தேன். பிறகு, பழைய வேலையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சங்ககிரிக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து நாமக்கல் போய்த்தான் பஸ் மாற வேண்டும். ஏறினால், உள்ளே அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் இருந்த அம்மாள் ஒருவர், அதுதான் இடம் விடுகிறாரே, உட்காருங்கள் என்றார். அந்த அம்மாளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? நாமக்கல் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

இறங்கியதும் அவர் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, எங்களுக்குள் ஒன்றுமே நடக்காதது போல என் பக்கம் நீட்டினார்.

"நீ போயித் தொற சாமி. நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்."

தினமும் திறந்த பழக்கம். என் கை தானாக நீண்டுவிட்டது. சாவி விரலில் பட்ட பிறகுதான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சங்ககிரி பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். அவர் எனக்குச் செய்ததைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். அன்றைக்கு நீண்ட இந்தக் கையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.