ஃப்ளெக்ஸில் அவள் அம்மா

சந்தன வாசனை வந்தால் எனக்குக் குமட்டுகிறது. கல்யாண வீடுகளில் வாசலிலேயே சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று உறவில் பேச்சு. பேசிக்கொள்ளட்டும்.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், நெல் வயலைத் தூர்த்துக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவது போக, வெளிநாட்டிலிருந்து ஒரு பருவமோ ஓராண்டோ படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான்தான் மென்டார். விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது, போலீஸில் பதிவு செய்வது, சிம் கார்டு, கொசுவலை, சாம்பார் ஒத்துக்கொள்ளாத வயிறு, வீட்டு நினைப்பில் வரும் அழுகை, எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் பாடம் நடத்துவதைவிட அதுதான் எனக்குப் பிடித்த வேலை.

பிடிக்காதது வேறு. எங்கள் நிர்வாகத்துக்கு அந்தப் பிள்ளைகள் மாணவர்களே அல்ல, விழாப் பந்தலில் கட்டுகிற வாழைமரம். பொங்கல் வந்தால் பட்டுச்சேலை சுற்றிப் பானைக்கு முன்னால் நிறுத்துவார்கள். தாளாளர் வீட்டு வளைகாப்புக்குக்கூட முன்வரிசையில் உட்கார நாலு ஃபாரினர் வேண்டும் என்று எனக்குப் போன் வரும். போன் செய்வது எங்கள் பி.ஆர்.ஓ. கல்லூரியின் விளம்பரம், விழா, பேனர் எல்லாம் அவர் கையில். நெற்றியில் சந்தனப் பொட்டு, அறை முழுக்கச் சந்தன ஊதுவத்திப் புகை, கையில் எப்போதும் படமெடுக்கத் தயாராக ஒரு செல்போன். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறதே என்றால், "ஓ.டி. போட்டுக்கலாம் மேடம்" என்பார். வகுப்புக்கு வராமலே வந்ததாகக் காட்டிவிடுவதற்கு எங்கள் கல்லூரிகளில் அதுதான் பெயர். பந்திக்கு இலை கேட்கிற மாதிரி அவர் பிள்ளைகளைக் கேட்பார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்புவேன்.

போன வருஷம் கென்யாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய ஏரிக்கரையில் ஒரு கிராமம். அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா சந்தையில் மீன் விற்பவள். வந்த புதிதில் வாளி, செருப்பு வாங்க அவளை உத்திரமேரூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். நடுவில் ஒரு முதியவரின் படம், சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் முகம். யாராவது செத்துப்போனால் இங்கே இப்படித்தான் ஊருக்குச் சொல்வோம், வசதி இருந்தால் ஃப்ளெக்ஸ் பேனரே வைப்பார்கள் என்று விளக்கினேன். அவர்கள் பக்கம் சாவுச் செய்தியை ரேடியோவில் வாசிப்பார்களாம். அது காற்றோடு போய்விடும், இதில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று முகத்தைப் பார்க்கிறார்களே என்று சொல்லிவிட்டு, அந்த முகத்தைத் தானும் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். விசா நீட்டிப்புக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் ஊருக்குப் போக வழியில்லை. அடக்கத்தை என் அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தாள். குழியில் இறக்கும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுபடி படம் வந்தபோது மண் மூடியாகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். அவர்கள் குடும்பத்தில் தாய் போனால் பிள்ளைகள் தலையை மழித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பிகள் அங்கே மழித்துவிட்டார்கள், தான் மட்டும் முடியோடு இருக்கிறேன் என்றாள்.

பியூட்டி பார்லரில் மாட்டேன் என்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆண்கள் சலூன் ஒன்றுக்குத்தான் கூட்டிப்போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நேந்துக்கினு கீறீங்கன்னா கோயில்லதானேம்மா குடுக்கணும், இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றார். அம்மா செத்துப்போச்சு, அவங்க ஊர் வழக்கம் என்றேன். அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்.

அவளை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, அலுவலகத்துக்குப் போய் அம்மா இறந்த விவரம், தலை மழித்த காரணம் எல்லாம் சொல்லி அவளுக்கு விடுப்பு வாங்கினேன். பி.ஆர்.ஓ.வும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். த்சு த்சு என்று உச்சுக்கொட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்காகப் பரிந்து பேச வரக்கூடாது.

தெரியாமல் செய்தது விடுதி வார்டன். மொட்டைத் தலையைக் கண்டதும் அந்த அம்மாளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. திருப்பதியா பழையசீவரமா என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பதிலுக்கும் காத்திராமல் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசிவிட்டார். விடுதிப் பெண்கள் வரிசையாக வந்து தலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் கூடப் போட்டுக்கொண்டாளாம். மாலையில் நான் போனபோது அவள் சந்தனம் காய்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரிகிறது, ஒவ்வொருத்தியும் வந்து என் தலையைத் தொட்டாள் என்றாள். அந்தத் தப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அது பாசத்தில் செய்த தப்பு.

அந்தச் சந்தனத் தலையை எங்கிருந்தோ வந்து பி.ஆர்.ஓ. படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு, குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்று அவளுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். அவள் தன் அம்மாவின் படத்தை அனுப்பியிருக்கிறாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைப் போனில் அழைத்து உடனே பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். போனேன். டீக்கடைக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டு, ஆளைவிட உயரமாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் சந்தனம் பூசிய தலையோடு அவள். மேலே ஒரு மூலையில் பெருமாள், பக்கத்தில் கைகூப்பிய தாளாளர், அவருக்குப் பக்கத்து வட்டத்தில் அவள் அம்மா, தலையில் துணி கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதி. நீங்கள் காட்டினீர்களே, அந்த வழக்கப்படி என் அம்மாவுக்கும் வைத்திருக்கிறார்கள் என்றாள். காலையிலேயே படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டாளாம். எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். நான் வாசித்து அர்த்தம் சொன்னால் வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பலாம் என்று போனைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏழுமலையானுக்கு முடிக்காணிக்கை செலுத்திய கென்யா மாணவி. தமிழ்ப் பண்பாட்டில் கரைந்த உள்ளம். பெற்றோரின் நல்லாசியுடன். மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது." இதுதான் எழுதியிருந்தது.

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் வாயைத் திறந்தேன். ஆனால் இதுவரை எல்லாரும் எல்லாவற்றையும் அவளுக்குப் புரியாத மொழியிலேயே நடத்தியிருக்கிறார்கள், நானும் அதையே செய்வதா? ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். செத்துப்போனவள் ஆசி வழங்குகிறாள் என்பதையும் சொன்னேன். அவள் எழுத ஆரம்பித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அங்கிருந்தே பி.ஆர்.ஓ.வைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "துக்கம்னு போட்டா எவன் மேடம் அட்மிஷனுக்கு வருவான்? காணிக்கைன்னு போட்டா நாலு பேரு நின்னு பாப்பான். அந்தப் பொண்ணுக்குத் தமிழா தெரியப்போவுது, வுடுங்க," என்றார். பெத்தவங்க படம் போட்டால் நம்பிக்கை வருமாம், அதையும் சொன்னார். எச்சில் துப்ப வேண்டும்போல இருந்தது. சாலையோரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

எப்போது எடுப்பீர்கள் என்றதற்கு, சேர்க்கை முடிந்ததும் பார்க்கலாம் என்றார். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, அதெல்லாம் வேண்டாம், என் முகம் இருந்துவிட்டுப் போகட்டும், அம்மாவை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றாள்.

இளநீர்க் கடையில் கத்தி வாங்கினேன். எட்டவில்லை. டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். வட்டத்தைச் சுற்றி அறுத்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. எங்கள் மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவன் வீடியோ எடுத்தான். அவள் கீழே நின்று அம்மாவை இரண்டு கையாலும் வாங்கி, தூசியைத் துப்பட்டாவால் துடைத்து, முகம் மடங்காமல் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். படித்தார்களா என்று தெரியாது. ஃப்ளெக்ஸ் அங்கேயேதான் இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து பார்த்தேன், நான் அறுத்த ஓட்டையில் தாளாளரின் பேரன் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதே நல்லாசிக்குப் பக்கத்தில் பல் முளைக்காத குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று அவளை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், சொல்லப்போவதில்லை என்று. எழுத்தின் அர்த்தத்துக்குக் காத்திராமல் அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டுச் சபையில் எல்லாருக்கும் காட்டிவிட்டாராம். தூரதேசத்தில் ஒரு ஊரே தன் மனைவிக்காகத் தெருவில் துக்கம் காத்தது என்று பெருமையாம். அதை எப்படி அவரிடமிருந்து பிடுங்குவது என்றாள்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் என் அறைக்கு வந்தாள். அப்பா வீடியோ அழைப்பில் இருந்தார், என்னோடு பேச வேண்டுமாம். மெலிந்த மனிதர், மழித்த தலையில் நரை முளைத்திருந்தது. முன்பே எழுதி வைத்திருந்ததை வாசிப்பதுபோல நிதானமாகப் பேசினார். என் மகள் தனியாக அழவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, உங்கள் ஜனங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார்.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க ஊரு வழக்கம்தாங்க ஐயா," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மறுபடியும் நன்றி சொன்னார்.