ரெஜினா அக்கா அணைத்த சுவிட்ச்

காலையில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்கும்போது போன் அடித்தது. சேலையூர் ரெஜினா அக்கா.

“வசந்தி, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அவரோட குரல் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பயந்துபோய் அந்தப் பெட்டியையும் அணைச்சிட்டேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. கொஞ்சம் வர்றியா?”

“அணைச்சது அப்படியே இருக்கட்டும்க்கா. யார் வந்து கேட்டாலும் போட விடாதீங்க. இதோ கிளம்பிட்டேன்.”

மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து ஏறக்குறைய முப்பது வருஷம் ஓட்டியவள் நான். இப்போது கடையைத் தங்கை மகள் பார்த்துக்கொள்கிறாள். பழைய வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் மட்டும் போவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று அவள் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காலைதான்.

பெட்டி வாங்கியது

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ரெஜினா அக்காவின் கணவர் ஸ்டீபன் சாருக்குக் குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய மகள் நிர்மலா கேளம்பாக்கத்தில் இருக்கிறாள், ஐடி வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய மகள் தியாவுக்கு ஸ்டீபன் சார் ஒரு கதையைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். எல்லாம் அவரே கட்டிவிட்ட கதைகள். தாம்பரம் மார்க்கெட்டில் வழி தவறிய பூனை, மின்சார ரயிலில் ஊர் சுற்றும் பல்லி, இப்படி.

குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் நிர்மலா கடைக்கு வந்தாள். கூடவே அவள் கணவர் பிரபு.

“அப்பா பேசினது எங்கெங்கயோ கிடக்கு ஆன்ட்டி. அவர் போன், அம்மா போன், என் பழைய லேப்டாப். எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கணும். அம்மா அப்பா நினைச்சப்ப எடுத்துக் கேக்கணும்.”

அவர்களுக்கு இரண்டு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டி போதும் என்றேன். வீட்டு வைஃபை ரவுட்டரோடு இணைத்துவிட்டால் எல்லாருடைய போனிலிருந்தும் படம், வீடியோ, குரல் பதிவு எல்லாம் தானாக அதில் போய்ச் சேரும். நான்கு டிஸ்க் பெட்டி வாங்கலாமா என்று பிரபு கேட்டார். சினிமா சேர்த்து வைக்கிறவர்களுக்கு அது தேவைப்படும், இவர்களுக்கு வேண்டாம். கடையில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப் டிஸ்க்கையும் போட மறுத்துவிட்டேன். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட டிஸ்க் இரண்டு, கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ். பெட்டியை வைக்கப் பரண் வேண்டாம், டிவி ஸ்டாண்டில் காற்றுப் படுகிற இடம் போதும்.

இதோடு தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்குங்கள் என்றபோதுதான் பிரபு நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு டிஸ்க்கையும் மிரர்ல போடறீங்க. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அப்புறம் மூணாவது எதுக்கு மேடம்?”

“டிஸ்க் கெட்டுப்போனா மிரர் காப்பாத்தும் சார். ஆனா நம்ம கையால ஒரு ஃபைலை அழிச்சா, அது ரெண்டுலயும் சேர்த்து அழிச்சிடும். வீட்ல தண்ணி வந்தா ரெண்டும் சேர்ந்தே நனையும். மூணாவது வேற வீட்ல இருக்கணும்.”

அவர் ஒப்புக்கொண்டார். மூன்றாவது டிஸ்க் கேளம்பாக்கத்துக்குப் போனது. நிர்மலா சேலையூர் வரும்போதெல்லாம் அதைக் கொண்டு வந்து புதியதைக் காப்பி எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பெட்டியை மாட்டிக் கொடுத்ததும் ஸ்டீபன் சார் அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குரல் அப்போதே கரகரத்திருந்தது.

“வசந்திம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி தியாவுக்குக் கொஞ்சம் கதை சேர்த்துவெச்சிடறேன். அப்புறம் சனிக்கிழமைக்கு ஒண்ணுன்னு அனுப்பிக்கலாம். குழந்தைக்கு வித்தியாசம் தெரிய வேணாம்.”

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தினமும் ரெஜினா அக்காவின் போனில் பேசிப் பதிவு செய்தார்.

டிவி ஸ்டாண்டுக்கு எதிரே

நான் போனபோது ரெஜினா அக்கா அந்தப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீபன் சார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“போன்ல இடம் இல்லன்னு காட்டிச்சு. போன்ல இருக்கறதை மட்டும் அழிக்கறேன்னு நினைச்சு, அந்தப் பெட்டியோட ஆப்ல எல்லாத்தையும் டிக் பண்ணி டெலீட் குடுத்தேன். அப்பவும் இடம் இல்லன்னுச்சு. குப்பைத்தொட்டி படம் போட்டு ஒண்ணு இருந்துது, அதையும் காலி பண்ணேன். அப்புறம் பாத்தா போன்லயும் இல்ல, பெட்டிலயும் இல்ல.”

“உடனே அணைச்சிட்டீங்களா?”

“உடனே. சுவிட்சை அணைச்சா அந்த யுபிஎஸ் கத்த ஆரம்பிச்சுது. அதையும் அமுக்கிட்டேன். இதுக்கு மேல ஒண்ணும் போயிடக்கூடாதேன்னுதான்.”

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எத்தனையோ வீடுகளில் இந்த நிலைமையைப் பார்த்திருக்கிறேன். அழித்தவர் வெளியே சொல்ல மாட்டார். தானே சரிசெய்யப் பார்த்து, எதையோ டவுன்லோடு செய்து, திரும்பத் திரும்ப அமுக்கி, மிச்சம் மீதி இருந்ததன் மேலும் புதிதாக எழுதிவிட்டுப் பிறகுதான் கூப்பிடுவார். ரெஜினா அக்கா அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நிர்மலாவுக்கு நானே போன் செய்தேன். பிரபு கேளம்பாக்கத்து டிஸ்க்கோடு காரில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

“என்ன அத்தை, ஓடிட்டு இருக்கறதை அப்படியே ஆஃப் பண்ணலாமா? இருக்கறதும் கரப்ட் ஆயிடுமே.”

அக்கா தலை குனிந்தார்.

“மத்த நாள்னா நீங்க சொல்றது சரி சார்,” என்றேன். “டெலீட் பண்ணா ஃபைல் உடனே போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். பெட்டி ஓடிட்டே இருந்தா உங்க எல்லார் போன்லேர்ந்தும் புதுப் படம் வந்து அந்த இடத்துல உக்காந்துடும். அக்கா அதை நிறுத்திட்டாங்க. நமக்கு ஒரு வழி இருக்குன்னா அது இவங்களாலதான்.”

பிரபு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்து மாமியாரிடம் நீட்டினார். “சாரி அத்தை” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

கேளம்பாக்கத்து டிஸ்க்கைத் திறந்து பார்த்தோம். பழைய கதைகள், தியாவின் ஞானஸ்நானப் படங்கள், எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் ஆஸ்பத்திரி அலைச்சலில் நிர்மலாவுக்கு அந்த டிஸ்க்கைக் கொண்டுவர நேரமே கிடைத்திருக்கவில்லை. கடைசியாகப் பேசி வைத்த கதைகள் அதில் இல்லை. இனி பேச முடியாத மனிதர் பேசி வைத்தவை அவை.

அதற்குள் ஸ்டீபன் சார் எழுந்து கதவருகே வந்து நின்றிருந்தார். ரெஜினா அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டுப் போனில் டைப் செய்து மனைவியிடம் நீட்டினார். அக்கா படித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தார். பிறகு எனக்கும் காட்டினார்.

“குரல் போனதுக்கே நான் யார்கிட்டயும் சண்டை போடல. ரெக்கார்டிங் போனதுக்கா போடப்போறேன்?”

பெயரில்லாத ஃபைல்கள்

பெட்டியைக் கடைக்குக் கொண்டு போனேன். அதை ஆன் செய்யாமல் ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றி, அதில் எதுவும் எழுத முடியாதபடி இணைத்து, அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ரெக்கவரி வேலையை நகலில்தான் செய்ய வேண்டும், அசலைத் தொடக் கூடாது. மென்பொருள் மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தது. என்னால் வேறு வேலையில் மனதைச் செலுத்த முடியவில்லை. கடைசியில் குரல் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இப்படி மீட்டால் பெயரும் தேதியும் வராது, வெறும் எண்கள்தான் இருக்கும். எது எந்தக் கதை என்று ஒருவர் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். சேலையூர் வீட்டு ஹாலில் லேப்டாப்பை வைத்து நான் ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஸ்டீபன் சார் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பெயரை டைப் செய்து காட்டினார். சில இடங்களில் அவர் தோள் குலுங்கியது. சத்தம் வராத சிரிப்பு அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு ஃபைல் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பல்லி மின்சார ரயிலில் தூங்கிப்போய், தாம்பரத்தில் இறங்காமல் வண்டலூர் வரை போய்விடுகிறது. அங்கே கண்ணை விழித்து... அவ்வளவுதான். மீதி இருந்த இடத்தில் புதிதாக வந்த ஏதோ ஒரு ஃபைல் எழுதப்பட்டுவிட்டது.

“இதுக்கு மேல என்னால முடியல சார்,” என்றேன்.

பரவாயில்லை என்று கையைக் காட்டினார். சோபாவில் சாய்ந்து போனில் நிறைய நேரம் டைப் செய்தார். முடித்ததும் அதை ரெஜினா அக்காவிடம் கொடுத்து, வாயருகே கையை வைத்துப் படி என்பதுபோல் காட்டினார்.

“நானா? எனக்கு உங்க மாதிரி சொல்ல வராதுங்க.”

அவர் விடவில்லை. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் பல்லி முதலையைப் பார்த்து “பெரியப்பா” என்று கூப்பிட்ட கதையைப் படித்து முடித்தார். இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கிக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை தியாவுக்குப் போன கதை அதுதான். அவளிடமிருந்து வந்த பதிலை நிர்மலா எனக்கும் அனுப்பினாள்.

“தாத்தா, அடுத்த வாரமும் பாட்டிய சேத்துக்கோங்க.”

இப்போது செய்வது

அந்த வேலைக்குப் பிறகு என் வழக்கத்தில் சில மாற்றங்கள் செய்துகொண்டேன். பெட்டியை மாட்டும்போதே, அழித்ததைப் பழைய நாளில் இருந்தபடியே திரும்ப எடுக்க உதவும் ஸ்னாப்ஷாட் வசதியையும் போட்டுவிடுகிறேன். ஒரு ஃபைலை வீட்டுக்காரர் கையாலேயே அழிக்கச் சொல்லி, அவர் கையாலேயே மீட்க வைக்கிறேன். வெளியே இருக்கும் டிஸ்க்கை யார் எப்போது கொண்டு வருவது, அவரால் முடியாதபோது வேறு யார் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் தொழில்நுட்பம், யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். தப்பு செய்தவர் பயப்படாமல் கூப்பிடும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும் என்பதை எனக்கு ரெஜினா அக்காதான் காட்டினார். அன்று அவர் மறைத்திருந்தால் நானும் என் மென்பொருளும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவருக்கு நான் நன்றி சொன்னபோது, “போ வசந்தி, அழிச்சவளுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா?” என்று கேட்டார்.

இப்போது நான் மாட்டுகிற ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுதியிருப்பது இதுதான்: “ஏதாவது அழிஞ்சிட்டா உடனே சுவிட்சை அணைச்சிட்டுக் கூப்பிடுங்க. யார் அழிச்சாங்கன்னு கேக்க மாட்டேன்.”