சிப்பியின் முதுகில் முளைத்த பூ

மீன்தொட்டியைத் தொட்டியக்கா நேராகப் போய்த் தொடுவதில்லை. தன் நிழல் உள்ளே விழாதபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வருவார். நிழல் பட்டால் சிப்பி படக்கென்று மூடிக்கொள்ளும். "மகராசிக்கு ரோஷம் ஜாஸ்தி" என்பார்.

கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் பிழைப்பு; பெயரும் அதனால் வந்ததுதான். அந்தத் தொட்டிகளில் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உள்ள இந்தத் தொட்டிதான் செல்லம். "டேய் மாப்ள, திங்கறத தவிர ஒரு வேலை தெரியுமா உனக்கு?" என்று ஆரஞ்சு மீனை அவர் வைதால், பல்வலிக்காரர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கொஞ்ச நாளாக அந்த வாய்க்குப் பூட்டு. சிப்பியின் ஓட்டில் ஒரு கடற்சாமந்தி முளைத்திருந்தது. அது ஒரு கடல் பிராணி; பார்க்கத்தான் பூ, குணத்தில் களை. தேள் மாதிரி கொட்டிக் கொட்டிச் சிப்பியைத் திறக்கவே விடாது. இந்த வகைச் சிப்பிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு; திறந்து அதை வாங்காவிட்டால் பட்டினிச் சாவுதான். சாமந்தியைச் சுண்ணாம்புப் பசை அப்பிக் கொல்ல வேண்டும். சுரண்டினால் சிதறும் துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் அக்கா, பசை கொண்டுவர மறந்த ஒரு நாள், திரும்பிப் போகச் சோம்பல்பட்டு பிளேடால் சுரண்டித் தள்ளிவிட்டார். இப்போது பாறையெங்கும் சாமந்தி.

பழி, மீனுக்குத் தீனி போடும் வரவேற்பறைப் பெண்மேல் விழுந்தது. "தீனிய அள்ளிக் கொட்டினா களை வராம என்ன செய்யும்?" என்று நோயாளிகள் முன்னாலேயே மருத்துவர் கத்தினார். அக்கா பக்கத்தில்தான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

இன்று சிப்பியை வெளியே எடுத்து, ஈரத்துணிமேல் வைத்து, ஓட்டிலுள்ள சாமந்திகள்மேல் பசை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் டார்ச் பிடித்திருந்தாள்.

"நான்தானேக்கா இத இந்தக் கதிக்கு ஆளாக்கினேன்?"

"ஒண்ணும் ஆகாது. வெளிச்சத்த ஆட்டாத."

"டாக்டர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என் இடத்துக்கு வேற ஆளத் தேடறாங்களாம். நீங்க சொன்னா கேப்பாங்க."

அக்காவின் காது மடல் சுட்டது. தன்னிடமே வந்து சிபாரிசு கேட்கிறாளே! வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னால் இந்தத் தொட்டி கைவிட்டுப் போகும். பேச்சு பரவினால் மற்றவையும் போகும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாளும் இவளை முன்னே தள்ளிவிட்டு ஒளிந்திருந்தார்.

ஓட்டைக் கழுவிச் சிப்பியை மணலில் உட்கார வைத்தார். அது திறக்கிறதா என்று பார்க்க நிற்கவில்லை. உள்ளே பல் துளைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அன்று பிளேடு பிடித்த அதே கையால், தண்ணீர் சொட்டச் சொட்ட, மருத்துவரின் கதவைத் தட்டினார்.