அழவிடாத மனிதர்

கண்ணாடிக் கடைக்காரரை எங்கள் சபையில் நேருக்கு நேர் ‘ஐயா’ என்போம். முதுகுக்குப் பின்னால் ‘ஆறுதல்’. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சவப்பெட்டி வருவதற்குள் அவர் வந்துவிடுவார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். அழுகிறவர்களின் தோளில் கையை வைத்து, “அழாதீங்க. நமக்கு உயிர்த்தெழுதல் இருக்கு. அழுதா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்” என்பார். சொல்லிவிட்டு, காபி வருகிறதா என்று அடுப்படிப் பக்கம் கண்ணை ஓட்டுவார்.

கடையிலும் அதே கதைதான். பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்து, லென்ஸைப் பொருத்துவதெல்லாம் அவருடைய மனைவி. இவர் முன்னால் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு உபதேசம் செய்வார். அந்த அம்மா பேசி நாங்கள் கேட்டதே இல்லை. இவர் நிறுத்தினால்தானே இன்னொருவர் பேச!

அவர்களுக்கு ஒரே மகள். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. இப்போதாவது இந்த ஆள் மனுஷனாவார் என்று நினைத்துக்கொண்டு போனோம். எங்கே! பெட்டியின் தலைமாட்டில் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். “பாருங்க, என் கண்ணுல ஒரு சொட்டு வருதா? இதுதான் விசுவாசம்.”

மனைவி பெட்டியின்மேல் சாய்ந்து வாயைத் திறந்தாள். அவர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “என் மானத்தை வாங்காத. ஊருக்கே ஆறுதல் சொன்னவன் நான். நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்றார். பக்கத்தில் நின்ற என் காதில் தெளிவாக விழுந்தது. பெற்ற மகளின் பிணத்துக்கு முன்னால் நாலு பேரை எண்ணிப் பார்க்கிற நெஞ்சு அது. அந்த அம்மா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் தெருத் தையல்காரரின் பெரியப்பா இறந்துபோனார். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். வீட்டாரே பெரிதாக அழவில்லை. ‘ஆறுதல்’ எழுந்து, தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். அவ்வளவுதான், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஓர் அலறல். அவருடைய மனைவி! முன்பின் பேசியிராத கிழவரின் பெட்டியைக் கட்டிக்கொண்டு, “என் கண்ணே, என் மகளே, என்ன விட்டுட்டுப் போயிட்டியேடி” என்று கதறினாள். யாருக்காக அழுகிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அவர் முகம் கறுத்துவிட்டது. “எந்திரி. வீட்டுக்குப் போலாம். ஒரு விசுவாசி பண்ற வேலையா இது?”

அவள் நிமிர்ந்தாள். “இயேசு தன் சிநேகிதன் கல்லறைகிட்ட அழுதாரே, அவருக்கும் விசுவாசம் பத்தலையா? கண்ணீரையெல்லாம் துடைப்பேன்னு சொல்லியிருக்காரு. என்னை அழவே விடலைன்னா அவரு எதைத் துடைப்பாரு? நீங்க பேசினது போதும். உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? அதிர்ந்து பேசாத எங்கள் போதகர் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் போய் அமர்ந்தார். தையல்காரரின் மனைவி அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அதுவரை கல்லாட்டம் நின்ற தையல்காரர், “பெரியப்பா” என்று உடைந்தார். அடக்கம் தாமதமானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

பெரியவரைப் புதைத்தபின், பெண்கள் அவளை மகளின் குழிக்குக் கூட்டிப்போனார்கள். கணவர் வாசல் கேட்டருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மண்ணைத் தடவியபடி ஆசை தீர அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கர்த்தர்கிட்ட இரு. அம்மா வர்றேன்” என்றாள். அந்தக் குரலில் இருந்த நிச்சயம், அவர் செய்த அத்தனை பிரசங்கத்திலும் நாங்கள் கேட்டிராதது.

இப்போதெல்லாம் சாவு வீடுகளிலிருந்து அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போய், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். இவரோ, தம்முடைய ஜெபத்தால்தான் மனைவி தேறினாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெட்கம் என்ற ஒன்று இருந்தால்தானே!