கேள்விக்குறி போடாத புள்ளி

யுத்தம் முடிந்த கிழமையிலும் நான் வேலைக்குப் போனேன். வன்னியிலிருந்த தம்பியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

எங்கள் வானாய்வகம் டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸுக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. நூறு வருடங்களுக்கு மேல் பழைய கட்டடம். அங்கே எனக்குச் சூரியனைப் பார்க்கும் வேலை. பழைய டெலஸ்கோப்பால் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழுத்தி, தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைய வேண்டும். சந்தேகம் வந்தால் தாளையும் டெலஸ்கோப்பையும் மெல்ல அசைத்துப் பார்ப்போம். தூசியென்றால் சூரியனை விட்டு விலகிவிடும். உண்மையான புள்ளி சூரியனோடேயே நிற்கும். வரைந்தவர் கையெழுத்து வைத்த பிறகு அந்தப் படத்தில் வேறெவரும் கைவைப்பதில்லை. அது அங்கே கண்டிப்பான வழக்கம்.

அந்த வருடம் சூரியன் அநேகமாக வெறுமையாகவே கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஓரத்தில் கடுகளவு புள்ளி ஒன்றைக் கண்டேன். அசைத்துப் பார்த்தேன், விலகவில்லை. வரைந்து கையெழுத்து வைத்தேன். பிறகு கிழமை முழுக்க ஒரே முகில்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து பாண் சாப்பிடுவோம். படங்களைச் சரிபார்க்கும் மூத்த விஞ்ஞானி சந்திரன் அண்ணையும் யாழ்ப்பாணத்தவர்தான். என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்:

"பிள்ளை, அந்தப் படத்தைத் திருப்பி எடும். வேற ஒரு வானாய்வகத்திலையும் அந்தப் புள்ளியைக் காணேல்லையாம்."

"அவைக்கு முகிலாய் இருந்திருக்கும் அண்ணை."

"நீர் அழுதுகொண்டு வேலை செய்தனீர். கண்ணீருக்குள்ளாலை என்னவும் தெரியும். பிழைச்சால் எங்கட ஆக்களைத்தான் இளக்காரமாய்ப் பாப்பாங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்குத் தெரியாமல் அமுக்கத்தான் அவர் தமிழில் கதைத்தார். நான் மேசை முழுக்கக் கேட்கும்படி டேனிஷில் சொன்னேன்: "என் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார். எடுக்கமாட்டேன்."

வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். இயக்குநர் கிர்ஸ்டன் இரக்கத்தோடு, "உன் நிலைமை எங்களுக்குப் புரிகிறது. ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவோமா?" என்று கேட்டார். அந்த இரக்கம் அண்ணையின் பேச்சைவிட அதிகமாகச் சுட்டது.

"போடமாட்டேன். சந்தேகப்படுகிறவர் தன் பெயரில் தனியாக எழுதி வைக்கட்டும்."

அண்ணை விடவில்லை. "அப்ப நீர் அழேல்லையோ?"

"அழுதனான். துடைச்சுப்போட்டுப் பாத்தனான். உங்கட தம்பி எண்டால் நீங்களும் அழுதிருப்பியள். அதுக்காக உங்கட வேலையை ஆரும் அழிச்சிருப்பினமோ?"

அவர் எழுந்து போய்விட்டார். நெடுநாள் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. தனியாக எதையும் எழுதி வைக்கவும் இல்லை. கிர்ஸ்டன் படத்தை அப்படியே விட்டார். அந்தப் புள்ளிக்கு என்னைத் தவிர வேறு சாட்சி கடைசிவரை கிடைக்கவில்லை.

தம்பிக்கு என்ன நடந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கிழமை எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரேயொரு விஷயம். அதையும் கைவிடச் சொன்னார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அழுகை வந்தால் அழுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் அழுதீர்கள் என்பதற்காக, நீங்கள் கண்டதை இல்லையென்று எழுத எவரையும் விடாதீர்கள்.