பின்னால் நிற்பவரிடம் சாவி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகியிருந்தது. ஆனால் டைல்ஸ் கடையில் சரக்கு ஏற்றி இறக்கப் போன பிறகு அந்தப் பெயரை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் அவர் டொம்டொம்.

காரணம் அவர் கை. லாரி பின்னால் வரும்போது பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினால் 'வா'. ஒரு தட்டு என்றால் 'நில்'. எந்தக் கிடங்கிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் டொம்டொம் தட்டினால் அதில் ஒரு தாளம் இருக்கும். ராகம் தெரியாதவர்கள்கூடத் தலையாட்டுவார்கள். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. கதவு, பீரோ, பக்கத்தில் தூங்குகிறவன் முதுகு, எல்லாம் அவருக்குப் பலகைதான்.

கடை சின்னது. முன்பக்கம் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. பின்பக்கம் முகத்தைத் துடைக்கக்கூட ஒரு சுத்தமான துணி கிடைக்காத கிடங்கு. ஆட்கள் என்று பார்த்தால் முதலாளியம்மா, டொம்டொம், அப்புறம் டொம்டொம்மின் அக்கா வீட்டுக்காரர். மாமாதான் டிரைவர்.

ஒரே ஒரு மினி லாரி. அதற்கு பேட்டரி என்று ஒன்று இருந்தது, பேருக்கு. காலையில் எல்லோரும் சேர்ந்து தள்ளிக் கிளப்பினால் சாயங்காலம் வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும். பட்டுப் புடவையில் வரும் வாடிக்கையாளர்கள்கூட ஒன்றிரண்டு தடவை கைகொடுத்திருக்கிறார்கள். அதனால் பெட்டி ஏற்றும்போதும் வண்டி உறுமிக்கொண்டேதான் நிற்கும். மாமா ஸ்டியரிங்கில் அரைத் தூக்கம். தட்டு கேட்டால் கை கியரைப் போடும், கால் மிதிக்கும், கண் மட்டும் திறக்காது. அவ்வளவு பழக்கம். அதை எல்லோரும் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், மாமா உட்பட.

இன்ஜின் அணைந்தால் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். முதலாளியம்மா கேட்டாலும் தர மாட்டார். "சட்டையக் கழட்டிக் குடுன்னு கேக்குறதும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு" என்பார்.

அந்த மத்தியானம் அவசரம். டைல்ஸ் பெட்டிகளைக் கயிறு கட்டாமல் நெட்டுக்குத்தாக அடுக்கியிருந்தார்கள். டொம்டொம் ஒரு வாஷ்பேசின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் போனார். மேலே இரண்டு பெட்டிகள் சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கப் பலகையில் விழுந்தன.

டொம். டொம்.

மாமாவின் கை கியரைப் போட்டது. கால் மிதித்தது.

டொம்டொம் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? முதுகில் சுவர், முன்னால் லாரி, நடுவில் பேசின். பேசின் உடைகிற சத்தம் அவருடைய விலாவுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. எப்படியோ ஒரு கை வெளியே நீண்டது. பலகையில் ஒரே ஒரு அடி.

வண்டி நின்றது.

விலா எலும்பில் விரிசலோடு அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "அழாதக்கா, பேசினுக்குத்தான் ரொம்ப அடி" என்றார் டொம்டொம். சிரித்ததும் வலித்தது. வலித்ததும் அக்கா இன்னும் அழுதாள்.

மாமா உள்ளே வரவேயில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர், நேராகக் கடைக்குப் போய் முதலாளியம்மாவின் மேஜையில் சாவியை வைத்துவிட்டார்.

"நான் இனிமே வண்டி தொட மாட்டேன்மா."

வீட்டிலும் யாரும் அவரோடு பேசவில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டை 'ணங்' என்று வைப்பாள். அந்த ஒரு சத்தத்தில் ஒரு மணி நேரத் திட்டு இருந்தது. தம்பி பக்கமா, புருஷன் பக்கமா என்று தெரியாமல் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதலாளியம்மா வேறு டிரைவர் தேட ஆரம்பித்தாள். ஆள் வந்துவிட்டால் மாமாவின் கதை முடிந்தது. இத்தனை வயசுக்கு மேல் ஸ்டியரிங் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத மனுஷன்.

விலாவில் கட்டோடு டொம்டொம் ஒருநாள் மாமா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"மாமா, வாங்க வேலைக்கு."

"முடியாது மாப்ள. எந்த டொம் உன்னோடது, எந்த டொம் பெட்டியோடதுன்னு எனக்கு இனிமே தெரியாது."

டொம்டொம்மின் கை தானாக நாற்காலியைத் தட்டப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"சரி, தெரிய வேணாம்" என்றார் கடைசியில். "நான் பின்னால போறப்போ வண்டிய அணைச்சிட்டு சாவிய என்கிட்ட குடுத்துடுங்க. அப்புறம் பெட்டி தட்டட்டும், இடியே வந்து தட்டட்டும். வண்டி எப்படி நகரும்?"

"சாவியையா?"

"சட்டைய இல்ல மாமா, சாவியத்தான்."

மாமா காலியாக இருந்த சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த முட்டுக்கட்டை முதலாளியம்மா. "அணைச்சா திரும்பக் கிளம்பாதே, புது பேட்டரி வாங்கணுமா?" என்றாள்.

"வாங்கலைன்னா தினமும் நீங்களும் தள்ளணும்மா. முன்னால நிக்கிறீங்களா, பின்னாலயா?"

பேட்டரி வந்தது. அதோடு நிற்கவில்லை. பெட்டிகளைப் படுக்க வைத்துக் கயிறு கட்டினார்கள். ஒருத்தரும் வாங்காமல் கிடந்த மஞ்சள் டைல்ஸை எடுத்து, சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு வரிசை பதித்தார்கள். முதலாளியம்மா ஆசைப்பட்டு எடுத்த நிறம் அது. "ஒருவழியா வித்துப் போச்சு" என்றார் டொம்டொம். அவள் முறைத்தாள். ஆனால் அந்த டைல்ஸை அவளே துடைத்துவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

மாமா வந்தார். கண்ணாடியில் கண்ணை நட்டுக்கொண்டு மஞ்சள் கோடு வரை வந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். கிடங்கில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கடைக்குள் மின்விசிறி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது.

மாமா இறங்கிப் பின்பக்கம் நடந்து வந்தார். டொம்டொம்மின் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார்.

"பத்திரம்."

"ஏன் மாமா, தின்னுடுவேனா?"

"சாவியச் சொல்லலடா. உன்னச் சொன்னேன்."

டொம்டொம்முக்கு அப்போதும் ஒரு நக்கல் பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போனார். அன்று ராத்திரி அக்கா தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

கடைக்குச் சரக்கு கொண்டுவரும் மற்ற டிரைவர்கள் கேலி செய்யாமலா இருப்பார்கள்? "என்னண்ணே, சாவிய மச்சான்கிட்ட குடுத்துட்டுக் கைகட்டி நிக்கிறீங்க?"

"அவன் என் பொண்டாட்டி தம்பிடா. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு சோறு கிடையாது" என்பார் மாமா. கொஞ்ச நாளில் கேலி செய்தவர்களும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் நின்றார்கள். டொம்டொம் அவர்களை வேறு விதமாக விடவில்லை.

இப்போது அந்தக் கடையில் பின்னால் வரும்போது 'பீப் பீப்' என்று தானே கத்துகிற லாரி நிற்கிறது. அதற்குப் பின்னால் பார்க்க ஒரு கேமராக் கண்கூட இருக்கிறது. பழைய லாரி எந்த அடுப்பில் உருகி எதுவாக ஆனதோ தெரியாது. மஞ்சள் டைல்ஸ் மட்டும் அங்கங்கே விரிசல் விட்டு, அதே இடத்தில். டொம்டொம் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் செருப்பு நுனியால் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி நகர்ந்துவிடுவார். விலா மழைக்கு முன்னால் வலிக்கும். "பேசின் ஞாபகம்" என்பார்.

மாமா ஓய்வுபெற்று ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். மளிகைக் கடையிலிருந்து கிளம்பும்போது அக்கா பின்னால் நின்று பையை வைப்பாள். அவள் வண்டிக்குப் பின்னால் போனதும் மாமா சாவியை உருவி அவள் கையில் கொடுப்பார்.

"ஏங்க, இது ஸ்கூட்டருங்க! இதுக்கு ரிவர்ஸே கிடையாது."

"பரவால்ல, வச்சுக்கோ."

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் பையை வைத்து முடிக்கிற வரைக்கும் அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.